கல்யாணம் ஆகவில்லை, அவர் டொரொன்டோவில்: எனக்கு வேர்க் பெர்மிட் கிடைக்குமா?

ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன். வயது 28, வெள்ளவத்தையில் இருக்கிறார், கணக்காளர் வேலை. அவருடைய காதலர் 2022 இல் மாணவராக டொரொன்டோ போனவர். படிப்பை முடித்து, அதன் பிறகு கிடைக்கும் மூன்று வருட வேர்க் பெர்மிட்டில் இப்போது வேலை செய்கிறார். அதில் இன்னும் இரண்டு வருடம் மிச்சம். அவர் போகுமுன் இருவரும் தெஹிவளையில் ஓர் அனெக்ஸில் எட்டு மாதம் ஒன்றாக இருந்தார்கள். ஒருவர் சைவம், ஒருவர் கத்தோலிக்கம், இரண்டு வீட்டிலும் இன்னும் சம்மதம் இல்லை. ஏஜென்ட் ஒருவர், "கொமன் லோ என்று பைல் போட்டால் ஓப்பன் வேர்க் பெர்மிட் எடுக்கலாம், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் நாங்களே செய்து தருவோம், 14 லட்சம்" என்கிறாராம். கொமன் லோ என்றால் கல்யாணம் ஆகாமல் கணவன் மனைவி போல் சேர்ந்து வாழும் உறவு; ஓப்பன் வேர்க் பெர்மிட் என்றால் எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் அனுமதி. செய்யலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, அந்த வழியில் போகாதீர்கள். எட்டு மாதம் எட்டு மாதம்தான். கொமன் லோவுக்குக் கனடா கேட்பது பன்னிரண்டு மாதம்; எட்டைப் பன்னிரண்டாக்க யாராலும் முடியாது, முடியும் என்று சொல்பவர் உங்கள் பெயரில் பொய் எழுதப் போகிறார். ஆனால் நீங்கள் அவரிடம் போய்ச் சேர நேர்மையான வழி இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. கொழும்பில் பதினெட்டு வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, மறுக்கப்பட்ட வீசாக்களின் கடிதம் என்று ஆயிரக்கணக்கில் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அதில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்களைப் பற்றி அல்ல, அவரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டுத் தங்கள் காதலை நிரூபிக்க ஓடுகிறார்கள். கனடாவில் வேலை செய்பவரின் துணைக்கு ஓப்பன் வேர்க் பெர்மிட் கொடுக்கும் விதி 2025 ஜனவரி 21 முதல் இறுகிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலும் எந்த வேலையில் இருப்பவரும் துணையை எடுக்கலாம் என்ற நிலை இருந்தது. இப்போது அவருடைய வேலை கனடாவின் தொழில் வகைப்பாட்டில் டீயர் எனப்படும் படிநிலைகளில் 0 அல்லது 1 இல் இருக்க வேண்டும். அதாவது முகாமைத்துவம், அல்லது பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டம் கேட்கும் வேலை. டீயர் 2, 3 என்றால் எல்லாம் எடுபடாது; இயற்கை மற்றும் பிரயோக விஞ்ஞானம், கட்டட நிர்மாணம், சுகாதாரம், இயற்கை வளம், கல்வி, விளையாட்டு, இராணுவம் ஆகிய துறைகளில் குறிப்பிட்ட சில வேலைகள் மட்டும். அத்தோடு, உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் அவருடைய பெர்மிட்டில் குறைந்தது 16 மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டு வருடம் இருக்கிறது என்கிறீர்கள். அதிலிருந்து பதினாறு மாதத்தைக் கழித்தால் உங்கள் கையில் இருப்பது எட்டு மாதம். அதற்குள் எல்லாம் தயாராகிப் பைல் உள்ளே போயிருக்க வேண்டும். அவர் சுப்பர்மார்க்கெட்டிலோ களஞ்சியத்திலோ வேலை செய்கிறார் என்றால், நீங்கள் முறைப்படி கல்யாணம் செய்திருந்தாலும் இந்தப் பெர்மிட் கிடைக்காது. ஏஜென்ட் இதைக் கேட்டாரா? அவருடைய வேலைக் கடிதத்தைப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு முதல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

சரி, அவருடைய வேலை பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் பக்கம்.

கனடா கல்யாணம் ஆகாத துணையை ஏற்றுக்கொள்கிற நாடுதான். கொமன் லோ என்பது அங்கே முழு மரியாதையுள்ள உறவு, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்கு ஒரே ஓர் அளவுகோல் உண்டு: கணவன் மனைவி போல் ஒரே வீட்டில், தொடர்ச்சியாக, குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். எந்த நாட்டில் வாழ்ந்தீர்கள் என்பது முக்கியமில்லை, தெஹிவளை என்றாலும் சரிதான். பன்னிரண்டு மாதம் பூரணமான பிறகு வேலைக்காகவோ படிப்புக்காகவோ கொஞ்சக் காலம் பிரிந்திருந்தால் உறவு முறியாது. உங்கள் விஷயத்தில் அந்தப் பன்னிரண்டு ஒரு தடவையும் நிரம்பவில்லை. அதன் பிறகு வந்த வருடங்களில் தினமும் வீடியோவில் பேசினீர்கள், அவர் பணம் அனுப்பினார், நீங்கள் அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். இதெல்லாம் உண்மையான உறவு என்பதற்குச் சாட்சி, ஒரே வீட்டில் வாழ்ந்ததற்குச் சாட்சி அல்ல. வீசா ஒபிசர் இரண்டாவதைத்தான் எண்ணுகிறார். கேட்கக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இதை எழுதக் கஷ்டம்தான்.

இனி அந்த வாடகை ஒப்பந்தம். ஒரு தடவை ஒரு சோடி என்னிடம் ஒப்பந்தம் ஒன்றை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீடு, வாடகைக்கு எடுத்தது 2020 ஏப்ரல் நடுப்பகுதி என்று திகதி. நொத்தாரிசின் முத்திரை, இரண்டு சாட்சிகளின் கையொப்பம், எல்லாம் அழகாக இருந்தது. நான் திகதியை இரண்டாம் தரம் பார்த்தேன். 2020 ஏப்ரலில் கொழும்பு முழுக்க ஊரடங்கு. மார்ச் 20 இல் போட்டது, ஆரம்பத்தில் சில மணி நேரம் தவிர, மே கடைசி வாரம் வரை பகலிலும் எடுபடவில்லை. பாணும் பருப்பும் லொறியில் வாசலுக்கு வந்த நாட்கள் அவை. நொத்தாரிசும் வீட்டுக்காரரும் இரண்டு சாட்சிகளும் அந்தக் கிழமை எந்தக் கந்தோரில் சந்தித்துக் கையொப்பம் வைத்தார்கள்? அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏஜென்ட் கொடுத்த கடதாசி, அவளுக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகத் தெரியவில்லை. நான் மொழிபெயர்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒபிசருக்கும் தெரியும். கொழும்பு பைல்களைப் பார்க்கிறவர்கள் இந்த ஊரின் நாட்காட்டியையும் அறிந்தவர்கள்.

கள்ள ஒப்பந்தத்தில் திகதிப் பிழை இல்லாவிட்டாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்: உங்கள் காதலரின் பழைய விண்ணப்பம். 2022 இல் மாணவர் வீசாவுக்குப் போட்டபோது விவாக நிலை என்ற இடத்தில் "தனியாள்" என்று நிரப்பியிருப்பார். அப்போது அது உண்மை. இப்போது நீங்கள் "2021 இலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் கொமன் லோவாக இருந்தோம்" என்று எழுதினால், இரண்டு கடதாசியும் ஒபிசரின் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் திறக்கும். ஒன்று பொய் என்று ஆகும். தவறான தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை, அந்தக் காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. தடை விழுவது ஏஜென்ட் மீது அல்ல, கையொப்பம் வைத்த உங்கள் மீது. அவருடைய பைலுக்கும் அந்தக் கறை போகும். இப்போது 28, தடை முடியும்போது 33. பதினான்கு லட்சம் கொடுத்து அதையா வாங்கப் போகிறீர்கள்?

இனி நேர்மையான வழிகள்.

முதலாவது எழுத்து. நம் ஆட்கள் பதிவுத் திருமணத்தை "எழுத்து" என்று சொல்லிவிட்டு, அது ஏதோ வெறும் கடதாசி அலுவல், கல்யாணம் என்றால் தாலி கட்டும் நாள்தான் என்று நினைப்பது வழக்கம். சட்டத்தின் கண்ணில் அப்படியில்லை. பொது விவாகப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் முன் கையொப்பம் வைத்த நிமிடத்திலிருந்து நீங்கள் கணவன் மனைவி. மண்டபம், மேளம், சேர்ச், ஐயர் எதுவும் அதற்குத் தேவையில்லை. நீங்கள் சைவம், அவர் கத்தோலிக்கம் என்பது இந்தச் சட்டத்துக்குத் தடையில்லை. பதினெட்டு வயது தாண்டிய இருவருக்குப் பெற்றோரின் கையொப்பமும் வேண்டியதில்லை. முன்னறிவித்தல் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அவருக்கு லீவு குறைவு என்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுத்துக் காத்திருப்பைச் சுருக்கலாம். பிரதேச செயலகத்துக்கு முன்கூட்டியே போய் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரில் கேளுங்கள். அவர் டிக்கெட் போடுவதற்கு முதலே கேளுங்கள்.

அவர் நேரில் வரத்தான் வேண்டும். தொலைபேசியிலோ வீடியோவிலோ ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்றோ செய்த கல்யாணத்தைக் கனடா 2015 ஜூன் முதல் குடிவரவுக்கு ஏற்பதில்லை. யாராவது "ஸூமில் எழுத்து முடிக்கலாம்" என்றால் நம்பாதீர்கள்.

எழுத்தானால் பன்னிரண்டு மாதக் கணக்கு மறைந்துவிடும். மனைவிக்கு அந்த நிபந்தனையே இல்லை. நீங்கள் இங்கிருந்தே ஓப்பன் வேர்க் பெர்மிட்டுக்குப் போடலாம். கிடைத்தால் அங்கே போய் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், அது அவருடைய பெர்மிட்டோடு சேர்ந்து முடியும். ஆனால் கல்யாணம் வீசாவுக்காகச் செய்ததா, உண்மையாக வாழச் செய்ததா என்று பார்ப்பார்கள். இலங்கைத் தமிழ்க் கல்யாணம் என்றால் நூறு இருநூறு பேர் இருப்பார்கள் என்பது ஒபிசருக்குத் தெரியும். உங்கள் படத்தில் இரண்டு சாட்சிகளும் பதிவாளரும் மட்டும் இருந்தால் கேள்வி வரும். அதற்குப் பயந்து யாரையாவது மாமா, சித்தி என்று வேஷம் போட வைக்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எங்கே சந்தித்தோம், வீட்டார் ஏன் வரவில்லை, மதம் எப்படி இடையில் வந்தது, எட்டு மாதம் எங்கே ஒன்றாக இருந்தோம். நேராக, உள்ளதை உள்ளபடி. அந்த எட்டு மாதம் இங்கே உங்களுக்குப் பெரிய பலம். கொமன் லோவுக்குப் போதாத அதே எட்டு மாதம், உண்மையான கல்யாணம் என்பதற்கு நல்ல சாட்சி.

இந்த இடத்தில் ஒரு அக்காவாக ஒன்று சொல்ல வேண்டும். வீசாவுக்கு வசதி என்பதற்காக மட்டும் எழுத்துக்குப் போகாதீர்கள். இலங்கையில் விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான், அதுவும் ஒருவர் மீது குற்றம் நிரூபித்துத்தான்: பிறர் தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. "எங்களுக்குச் சரிவரவில்லை" என்று இருவரும் போய்ச் சொன்னால் போதாது. இவரோடுதான் வாழப் போகிறேன் என்று மனம் உறுதியாக இருந்தால் எழுத்து உங்களுக்கு மிக நல்ல வழி. உறுதி இல்லையென்றால் பொறுங்கள்.

எழுத்தானதும் அவருக்கு ஒரு கடமை வந்துவிடும். இதை அடிக்கோடிட்டு அவருக்கு அனுப்புங்கள். அவர் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்கு, விண்ணப்பிக்கும்போதும், அது முடிவாகும்வரை நிலைமை மாறும் எந்த நேரத்திலும், உங்களைத் துணை என்று அறிவித்தே ஆக வேண்டும். பி.ஆருக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் தனியாளுக்கும் துணை உள்ளவருக்கும் புள்ளிக் கணக்கு வேறு. உங்கள் படிப்பும் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறும் சேராவிட்டால் அவருக்குச் சில புள்ளி குறையலாம். அதற்காகச் சிலர் கொழும்பில் எழுத்தை முடித்துவிட்டு அங்கே "தனியாள்" என்றே வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் என்னிடம் மறுப்புக் கடிதம் கொண்டுவந்தாள். கணவன் பி.ஆர். எடுத்து, பிறகு ஸ்பொன்சர் போட்டிருக்கிறான். கடிதத்தில் ஒழுங்குவிதி 117(9)(டி) என்று ஒரு வரி. பி.ஆர். எடுக்கும்போது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னர் குடும்ப வகுப்பில் எடுக்க முடியாது என்பதே அந்த விதி. மனிதாபிமான அடிப்படையில் கெஞ்சிக் கேட்கலாம், அது வேறு நீண்ட போராட்டம். அவள் அந்த இலக்கத்தை விரலால் தொட்டு, "அக்கா, இது என்ன?" என்று கேட்டாள். சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாக வரவில்லை. இந்த விதி கொமன் லோ துணைக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது வழி, அந்தப் பன்னிரண்டு மாதத்தை உண்மையாகவே வாழ்வது. சுற்றுலா வீசாவில் போனால் வழக்கமாக ஆறு மாதம் தங்க விடுவார்கள், நீட்டிக்கக் கேட்கலாம். ஒரே விலாசத்தில் ஒரு வருடம் நிரம்பினால் அன்றிலிருந்து நீங்கள் கொமன் லோ. ஆனால் அந்த வருடம் முழுக்க உங்களால் வேலை செய்ய முடியாது. அதோடு அவருடைய பெர்மிட்டில் 16 மாதம் மிச்சம் என்ற நிபந்தனையும் கைநழுவிவிடும். சுற்றுலா வீசா கிடைப்பதும் லேசில்லை. இளம் வயது, காதலர் அங்கே, திரும்பி வருவாரா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் காதலரையே மறைத்துவிடலாம் என்று தோன்றும். மறைக்காதீர்கள். தற்காலிகமாகவும் போகலாம், பிறகு நிரந்தரமாக இருக்கும் எண்ணமும் இருக்கலாம் என்று கனடாவின் குடிவரவுச் சட்டமே இரட்டை நோக்கத்தை ஏற்கிறது. மறைத்தது பிறகு வெளிப்பட்டால், நான் மேலே சொன்ன ஐந்து வருடத் தடை இங்கேயும் உண்டு. என் அபிப்பிராயத்தில் உங்கள் காலக் கணக்குக்கு இந்த வழி பொருந்தவில்லை.

மூன்றாவது, உங்கள் சொந்தக் காலில் போவது. நீங்கள் கணக்காளர். அனுபவமும் ஆங்கிலமும் இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உங்கள் பெயரிலேயே ஒரு புரொபைல் போட்டு வையுங்கள், அதற்குக் காசு இல்லை. ஆனால் எழுத்தானால் அதிலும் விவாக நிலையை உடனே மாற்ற வேண்டும். கனடிய முதலாளி ஒருவர் வேலை தந்து எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு அரசு தரும் ஒப்புதல்) எடுத்தாலும் வேர்க் பெர்மிட் கிடைக்கும். அந்த எல்.எம்.ஐ.ஏ. கட்டணமான 1,000 டொலரை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடுவது சட்டவிரோதம். கொழும்பில் "எல்.எம்.ஐ.ஏ. இருக்கிறது, இருபது லட்சம்" என்று விற்பவர்கள் விற்பது என்ன என்று இதிலிருந்து விளங்கும்.

கொன்ஜுகல் பார்ட்னர் என்று இன்னொரு வகுப்பும் உண்டு, சிலர் அதையும் ஆசை காட்டுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் உறவு இருந்தும், தங்களால் மீற முடியாத தடையால் கல்யாணமும் செய்ய முடியாமல் ஒன்றாக வாழவும் முடியாமல் இருப்பவர்களுக்கானது அது. பி.ஆர். அல்லது குடியுரிமை உள்ளவர் ஸ்பொன்சர் செய்வதற்கு மட்டுமே, வேர்க் பெர்மிட்டுக்கு அல்ல. வீட்டார் சம்மதிக்கவில்லை என்பதை அவர்கள் அந்த அளவு தடையாக எடுப்பது அரிது, ஏனென்றால் சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. இதை வாசிக்கும் வேறு சிலருக்கு இது வேண்டியிருக்கும்: இலங்கையில் ஒரே பாலினச் சோடிகள் கல்யாணம் செய்ய முடியாது, அவர்களின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வேறு தலைக்கு மேல் தொங்குகின்றன. கனடாவில் பி.ஆர். உள்ள துணை இருந்தால் அவர்களுக்கு இந்த வகுப்பு உண்மையாகவே திறந்திருக்கும் கதவு. அவர்கள் யாருக்கும் பயந்து போலிக் கல்யாணத்துக்குள் போகத் தேவையில்லை.

கடதாசிகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், என் தொழிலே அது என்பதால். தெஹிவளை அனெக்ஸ் வாடகையைக் காசாகக் கையில் கொடுத்திருப்பீர்கள், ஒப்பந்தமும் இருந்திருக்காது. பரவாயில்லை. வீட்டுக்கார அன்ரியிடம் போய், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருவரும் இருந்தீர்கள் என்று ஒரு சத்தியக் கடதாசி கேளுங்கள். சமாதான நீதவான் முன் கையொப்பம் வைத்தால் போதும். அந்த விலாசத்துக்கு வந்த வங்கிக் கடிதம், ஒன்லைன் சாப்பாட்டு ஓடர், கூரியர் பில், 2022 பெற்றோல் கியூவில் நின்று எடுத்த படம் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பழைய போனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அவர் பணம் அனுப்புகிறார் என்றீர்கள். எப்படி அனுப்புகிறார்? உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் கைமாற்றாக என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். உண்டியலில் வந்த காசுக்கு உலகத்தில் எங்கும் சாட்சி இல்லை. வருடக் கணக்காக மாதம் தவறாமல் அனுப்பியிருந்தாலும், பைலில் அது ஒரு ரூபாய்கூட இல்லை. வங்கி வழியாக, உங்கள் பெயருக்கு, சிறு தொகை என்றாலும் சரி. ஆறு மாத ஸ்டேட்மென்ட் ஒரு பொய் ஒப்பந்தத்தை விட நூறு மடங்கு பேசும். வாட்ஸ்அப் உரையாடலை ஆயிரம் பக்கம் அச்சிட்டு அனுப்பாதீர்கள், ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு திரை, திகதி தெரியும்படி, அதிலும் சாதாரணப் பேச்சு: அம்மாவுக்கு மருந்து வாங்கியதா, வாடகை கட்டியதா, ஏன் கோபம். அப்படிப்பட்ட பேச்சைத்தான் யாராலும் புனைய முடியாது.

பெயர்கள். தமிழ்ப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டின் ஆங்கிலத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னே, பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து. என்னிடம் வரும் பைல்களில் பாதிக்கு இதுதான் தலையிடி. விவாகப் பதிவில் பெயர் எழுதும்போது கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பதிவாளர் அவசரப்படுவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மாதக் கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அவர் பக்கத்திலிருந்து பெர்மிட் பிரதி, வேலை விபரமும் சம்பளமும் எழுதிய முதலாளியின் கடிதம், அண்மைய மூன்று சம்பளச் சீட்டு வேண்டும். அந்தக் கடிதத்தில் பதவிப் பெயரோடு நின்றுவிடாமல், செய்யும் வேலைகளும் தொழில் வகைப்பாட்டு இலக்கமும் இருக்கட்டும், டீயரைத் தீர்மானிப்பது அதுதான். உங்களுக்குக் கைவிரல் அடையாளம் கொழும்பு வீசா மையத்தில் எடுப்பார்கள், மருத்துவப் பரிசோதனை கனடா அங்கீகரித்த வைத்தியரிடம் மட்டும்.

செலவு: வேர்க் பெர்மிட் 155 டொலர், ஓப்பன் பெர்மிட்டுக்கு மேலதிகமாக 100, கைவிரல் அடையாளத்துக்கு 85. மொத்தம் 340 கனடிய டொலர். நம் காசில் ஒரு லட்சத்துக்கு உள்ளே. மருத்துவம், மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்தாலும் பதினான்கு லட்சத்தின் பக்கத்தில் போகாது. உதவி வேண்டுமென்றால் எடுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் காசு வாங்கிக் கனடாக் குடிவரவு ஆலோசனை சொல்ல, அந்த நாட்டுச் சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பெயரைத் தட்டினால் தெரியும். உங்கள் ஏஜென்டிடம் அவருடைய பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

வேறு நாட்டில் துணை இருப்பவர்களும் அடிக்கடி கேட்பதால் சுருக்கமாக. பிரித்தானியாவில் 2024 ஜனவரி 31 முதல் கணக்கு வேறு: இரண்டு வருடம் கல்யாணத்துக்கு ஒப்பான உறவில் இருந்திருக்க வேண்டும், முன்பு போல ஒரே வீட்டில் வாழ்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்களைப் போன்ற சோடிக்கு அங்கேதான் கதவு அகலம். ஆனால் அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர் துணையை எடுக்க வருடத்துக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். நிச்சயித்தவர் வீசாவில் ஆறு மாதம் போகலாம், அதில் வேலை செய்ய முடியாது. 2024 மார்ச் 11 இலிருந்து பராமரிப்பு வேலை வீசாவுக்குப் புதிதாகப் போட்டவர்கள் துணையைக் கூப்பிட முடியாது. இங்கிருந்து போன எத்தனையோ பேர் இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் துணை வீசாவுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாத உறவு கேட்பார்கள், சில மாநிலங்களில் உறவைப் பதிவு செய்தால் அந்தப் பன்னிரண்டு தேவையில்லை. கல்யாணம் செய்யப் போகிறவர்களுக்கான 300 ஆம் இலக்க வீசாவில் அங்கே வேலையும் செய்யலாம். வளைகுடாவில் விவாகச் சான்றிதழ் இல்லாமல் துணை வீசா கிடையாது. அங்கே போவதென்றால் தனியாக வேலை எடுத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போவதுதான் வழி. ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று 1989 க்கு அழைத்துக் கேட்கலாம்.

இனி உங்கள் வேலை, தங்கச்சி. இன்றிரவு அவரோடு பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, வேலைக் கடிதத்தில் என்ன பதவி, அதன் தொழில் இலக்கம் என்ன. இரண்டு, பெர்மிட் முடியும் சரியான திகதி. அதோடு, பி.ஆருக்கு ஏற்கெனவே ஏதாவது போட்டிருக்கிறாரா, அதில் விவாக நிலை என்னவென்று இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஏஜென்டுக்கு முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், கடவுச்சீட்டு அவர் கையில் இருந்தால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள். பதில் வந்ததும், அவர் எப்போது லீவு போட வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.